ஒன்பது தமிழ்ச் சிறுமிகளும் மிஸ் பிளாக்மோரும்

சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து சிலேகி ரோட்டைப் பிடித்து நடந்தால் சற்று நேரத்தில் ஷார்ட் ஸ்திரீட் வந்துவிடும். பெயருக்கேற்ற குட்டைத் தெரு. ஜோகூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் தீபாவளிச் சாமான் வாங்கத் தேக்காவுக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி, அந்தத் தெருவில் இருந்த ஒரு கடைவீட்டில் ஒன்பது தமிழ்ச் சிறுமிகள் படிக்க உட்கார்ந்தார்கள். அந்த இடத்துக்குத் தமிழ்ப் பெண்கள் பள்ளி என்று பெயர். சொல்லிக் கொடுக்க வந்தவர் தமிழரல்லர். ஆஸ்திரேலியாவில் பிறந்த 29 வயது மணமாகாத பெண். சிங்கப்பூரில் கப்பலை விட்டு இறங்கி ஒரு மாதமே ஆகியிருந்தது. அவர் பெயர் சோஃபியா பிளாக்மோர்.

அந்தக் கடைவீட்டுப் பள்ளிதான் இன்றைய சிங்கப்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. பெற்றோர் தங்கள் மகளுக்கு இடம் கிடைக்காதா என்று தவம் கிடக்கும் பள்ளிகளில் ஒன்று. அது தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சோஃபியா 1857இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் உள்ள கோல்பர்ன் என்ற ஊரில் பிறந்தவர். பக்தியான கிறிஸ்துவக் குடும்பம். சமய ஊழியம் செய்ய வெளிநாடு போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. தனித்த ஒரு பெண்ணை அப்படி அனுப்பி வைப்பது அந்தக் காலத்தில் எளிதில் நடக்கிற காரியமன்று. வழி திறந்தது எதிர்பாராத ஒரு திசையிலிருந்து.

1885இல் ஜேம்ஸ் தோபர்ன், வில்லியம் ஓல்டம் என்ற இரு மெதடிஸ்ட் ஊழியர்கள் இந்தியாவிலிருந்து சிங்கப்பூர் வந்து பணியைத் தொடங்கினார்கள். ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர். மறு ஆண்டே ஆங்கிலோ சீனப் பள்ளியை 13 பையன்களோடு திறந்தார். பையன்களுக்குப் பள்ளி வந்துவிட்டது. பெண் பிள்ளைகளிடமும் வீட்டுப் பெண்களிடமும் போய்ப் பேச ஆண்களால் முடியாது. ஒரு பெண் ஊழியர் தேவை, அவரை அனுப்பப் பணம் தேவை. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரத்து மெதடிஸ்ட் மாதர் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய மேரி நைண்ட், அதற்காக 3,000 டாலர் தருவதாக வாக்குக் கொடுத்தார். அந்தப் பெண்கள் குளிர்காலத்தில் முழங்கால் அளவு பனியில் நடப்பவர்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள ஓர் ஊரை வரைபடத்தில் தேடித்தான் பார்த்திருப்பார்கள்.

பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது, ஆள் ஆஸ்திரேலியாவிலிருந்து கிடைத்தது. அமெரிக்கப் பெண் நற்செய்தியாளர் ஒருவரோடு சோஃபியா முதலில் இந்தியாவுக்குப் போனார். அங்கிருந்து 1887 ஜூலை 16ஆம் தேதி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்.

அப்போதைய சிங்கப்பூர் எப்படி இருந்தது? 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறக்குறைய 140,000. துறைமுகம், அபினிக் கடைகள், ரிக்‌ஷாக்கள், மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார் கிட்டங்கிகள், சாலை போடவும் துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் வந்த நம்மவர்கள். இந்தியர் ஏறக்குறைய 12,000 பேர். எல்லா இனத்திலும் ஆண்கள்தான் மிக அதிகம். சம்பாதித்து ஊருக்கு அனுப்ப வந்தவர்களின் பட்டணம் அது. குடும்பத்தோடு வாழ்ந்த பெண்கள் கொஞ்சம் பேர், அவர்களில் வெளியே வந்தவர்கள் அதிலும் கொஞ்சம். பெண்களுக்குப் பள்ளியே இல்லை என்று சொல்ல முடியாது. சீனச் சிறுமிகளுக்கு 1842இலும், கான்வென்ட் சகோதரிகளால் 1854இலும் பள்ளிகள் தொடங்கப்பட்டிருந்தன. தமிழ்ச் சிறுமிகளுக்கென்று ஒன்றைத் திறக்க முன்வந்தது யார் என்பதில்தான் இந்த வரலாற்றின் சுவை இருக்கிறது.

திறக்கச் சொன்னவர்கள் தமிழ் அப்பாக்கள்.

சோஃபியா வந்து இறங்கிய உடனே, தமிழ் வணிகர்கள் சிலர் அவரிடம் தங்கள் மகள்களுக்குப் பாடம் சொல்லித் தரக் கேட்டார்கள். வாயால் கேட்டதோடு நிற்கவில்லை, ஷார்ட் ஸ்திரீட்டில் இடத்தையும் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு, கணக்கு எழுதவா போகிறாள் என்று ஊரே பேசிய காலம். பெரியவளானதும் வீட்டுக்குள் வைத்து, அடுத்த முகூர்த்தத்தில் கட்டிக் கொடுத்துவிடுவது வழக்கம். அந்தக் காலத்தில் கடை வைத்துப் பிழைத்த சில தகப்பன்மார், பைபிளோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை நம்பி மகளை அனுப்பினார்கள் என்றால் அது சாதாரணத் துணிச்சல் அன்று. மிஷனரிகள் வந்துதான் நமக்குப் படிப்பைக் கொடுத்தார்கள் என்று ஒரு சாராரும், மதம் மாற்றத்தான் வந்தார்கள் என்று இன்னொரு சாராரும் பேசுவதை அடிக்கடி கேட்கிறோம். இரண்டு தரப்பும் இந்த அப்பாக்களை மறந்துவிடுகின்றன.

பள்ளி வளர்ந்தது. மற்ற இனத்துப் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். பெயரிலிருந்த தமிழ் விலகியது. தெருவின் பெயராலேயே சில காலம் அறியப்பட்டு, பின்னர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி ஆனது. எல்லாரும் படிக்கும் இடத்துக்கு ஓர் இனத்தின் பெயர் பொருந்தாது என்பது நியாயம்தான். ஆனாலும் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைவதைச் செய்தியாக எழுதுகிற எனக்கு, அந்தப் பெயர் மாற்றத்தைப் படித்தபோது லேசாக உறுத்தியது.

தமிழர் வந்து கேட்டார்கள். சீனர் விஷயம் அப்படி நடக்கவில்லை. அங்கே சோஃபியாதான் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது.

அவர் தேடிப் போனது தெலுக் ஆயர் பக்கத்துப் பெரனாக்கான் குடும்பங்களை. பல தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து, மலாய் பேசி, சீனச் சாமி கும்பிட்ட பாபா, நோன்யா குடும்பங்கள் அவை. மலாக்காவில் வளர்ந்த வாசகர்களுக்கு இவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பன்னிரண்டு பதின்மூன்று வயதானதும் பெண் பிள்ளை வாசலுக்கு வரக்கூடாது. தெருவைப் பார்ப்பதென்றால் அரைக்கதவின் இடுக்கு வழியாகத்தான். சமையல், மணி கோத்த செருப்புத் தையல், பிறகு கல்யாணம். படிக்கப் போனால் அடங்காமல் போய்விடுவாள், மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம் தாய்மார்களுக்கு. கதவைத் தட்டி, உங்கள் மகளை எனக்குப் பாடம் சொல்லித்தர விடுவீர்களா என்று கேட்டு நின்ற அந்நியப் பெண்ணுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று ஊகிக்கலாம். மறுபடியும் போனார். அடுத்த தெருவுக்கும் போனார்.

ஓராண்டு கழித்து, 1888 ஆகஸ்டில், நோன்யா பூன் என்ற பெண்மணி கிராஸ் ஸ்திரீட்டில் இருந்த தம் வீட்டையே வகுப்பு நடத்தத் திறந்துவிட்டார். எட்டுச் சிறுமிகள் வந்தார்கள். பள்ளிக்கூடம் என்றால் தாய்மார் பயப்படுவார்கள். தெரிந்த ஒரு நோன்யாவின் வீட்டுக்குப் போய் வருவதென்றால் அந்தப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். அந்த எட்டுப் பேரிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஃபேர்ஃபீல்ட் மெதடிஸ்ட் பள்ளி.

கதவுகள் திறந்ததற்கு மொழியும் ஒரு காரணம். சோஃபியா மலாய் கற்றார். அலுவலகத்தில் அதிகாரிகள் பேசிய மலாய் அன்று. ஹொக்கியன் சொற்கள் கலந்து, நோன்யாக்கள் அடுப்படியில் பேசிய பாபா மலாய். அந்த மொழியில்தான் அவர் கதை சொன்னார், ஜெபித்தார், வியாதி விசாரித்தார். கிறிஸ்துவப் பாடல்களை அதில் மொழிபெயர்த்தார். நண்பன் என்று பொருள்படும் சஹாபாட் என்ற பத்திரிகையும் அந்த மொழியிலேயே வந்தது. தமிழ் இலக்கிய வகுப்பில் சீகன்பால்கு, போப், கால்டுவெல் என்று மிஷனரிகளின் தமிழ்த் தொண்டைப் படித்தே தேர்வு எழுதியவள் நான். அவர்கள் இலக்கணம் எழுதினார்கள், அகராதி தொகுத்தார்கள், குறளை மொழிபெயர்த்தார்கள். சோஃபியா கற்றது, படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கக்கூடிய வீட்டுப் பேச்சு. பெண்களோடு பேச அதுதான் தேவைப்பட்டது.

தம் நோக்கத்தை அவர் மறைத்ததில்லை. பாடத்தோடு பைபிள் கதையும் உண்டு என்பது பிள்ளையை அனுப்பியவர்களுக்குத் தெரியும். கதையைக் கேட்பது வேறு, ஞானஸ்நானம் வாங்குவது வேறு. பெரனாக்கான் வீட்டில் முன்னோர் மாடத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவது பிள்ளைகளின் கடமை. ஒரு பிள்ளை கிறிஸ்துவராகிவிட்டால் செத்தவர்களுக்கு யார் படைப்பது? பெற்றோருக்கு இது வெறும் கொள்கைப் பிரச்சினை அன்று, தங்கள் சாவுக்குப் பிறகு என்ன ஆகும் என்ற கேள்வி. நம் வீடுகளிலும் திதி கொடுக்க ஆள் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அந்த வலி புரியும். அப்படியொரு பக்கம் இருந்ததை மூடிவைத்து சோஃபியாவின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதைதான்.

மற்றொரு பக்கமும் உண்டு. நான்கு சுவருக்குள் வளர்ந்த பெண்கள், தங்கள் மொழியில், தங்களைப் பெயர் சொல்லி விசாரித்த ஒருவரிடம், கடவுள் தங்களையும் ஒரு பொருட்டாக எண்ணுகிறார் என்ற செய்தியைக் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் புத்தகத்தைக் கையில் பிடித்துப் பாட்டுப் படித்தார்கள். ஆண்களும் பெண்களுமாகக் கூடி மலாய் மொழியில் வழிபாடு நடத்தினார்கள். இதிலிருந்து 1894இல் உருவானது முதல் ஸ்திரெய்ட்ஸ் சீன மெதடிஸ்ட் திருச்சபை. இன்று கம்போங் கப்போர் மெதடிஸ்ட் தேவாலயம் என்று அழைக்கப்படுவது அதுதான். கோ ஹூட் கெங் என்ற பாபா போதகர் பின்னர் அங்கே நீண்ட காலம் ஊழியம் செய்தார். கோமளாஸ், முஸ்தஃபா என்று தேக்காவில் சுற்றியவர்கள் அந்தத் தேவாலயத்தைத் தாண்டித்தான் நடந்திருப்பீர்கள்.

பள்ளிகள் மட்டும் போதவில்லை. தங்கிப் படிக்க இடமில்லாதவர்கள், ஆதரவற்றவர்கள் என்று வந்த பெண் பிள்ளைகளைத் தம்மோடு வைத்துக்கொண்டார். அந்த விடுதிக்குப் பின்னாளில் நைண்ட் இல்லம் என்று பெயர் வந்தது. 3,000 டாலர் வாக்குக் கொடுத்த அந்த அம்மாவின் பெயர்தான். பல இனத்துப் பிள்ளைகள் ஒரே மேசையில் சாப்பிட்டு வளர்ந்தார்கள். சோஃபியா கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

மெதடிஸ்ட் பெண் ஊழியர்களின் வேலை ஜோகூர் நீரிணையைத் தாண்டியும் பரவியது. கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி 1896இல் தொடங்கியது. நம் பாட்டிமார்களில் ஆங்கிலம் படித்து ஆசிரியையாக, தாதியாக வேலைக்குப் போன முதல் தலைமுறையைக் கேட்டுப் பார்த்தால், மெதடிஸ்ட் பள்ளியோ கான்வென்டோ அந்தப் பேச்சில் வராமல் இருக்காது. பட்டணத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு தோட்டத்துப் பிள்ளைகளை எட்டவில்லை. ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்த சிறுமி தம்பியைப் பார்த்துக்கொள்ளவும், பால் வாளி தூக்கவும்தான் வளர்க்கப்பட்டாள். ஒரு நல்ல மனுஷி நகரத்தில் எத்தனை கதவுகளைத் தட்டினாலும், தோட்டத்துக் கேட்டுக்குள் போவது துரையின் அனுமதியைப் பொறுத்தது.

சோஃபியா சிங்கப்பூரில் கழித்தது 41 ஆண்டுகள். 1928இல், 70 வயதைத் தாண்டிய பிறகு, ஆஸ்திரேலியா திரும்பினார். புறப்படுவதற்குள், தாம் சிறுமிகளாகப் பார்த்தவர்கள் தாயாகி, அவர்கள் மகள்கள் பள்ளிக்கு வரும் காலமும் வந்திருந்தது. மகளை அனுப்ப அம்மாவின் வாசலில் நின்று கெஞ்ச வேண்டிய நிலை மாறிவிட்டது.

1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. சோஃபியா 1945 ஜூலையில் ஆஸ்திரேலியாவில் காலமானார், வயது 87. அடுத்த மாதம், ஷார்ட் ஸ்திரீட் கடைவீட்டில் ஒன்பது பேர் உட்கார்ந்த அதே ஆகஸ்டு 15ஆம் தேதி, ஜப்பான் சரணடையும் அறிவிப்பு வந்தது.

மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி இடையில் மவுண்ட் சோஃபியா குன்றில் நெடுங்காலம் நடந்தது. அந்தக் குன்றின் பெயர் இவரால் வந்ததல்ல, இவர் வருவதற்கு முன்பே இருந்தது. 1992இல் பள்ளி இடம் மாறிய சாலைக்குத்தான் இவர் பெயர், பிளாக்மோர் டிரைவ். ஷார்ட் ஸ்திரீட்டில் இப்போது அந்தப் பள்ளி இல்லை. அதே 1887இல் தொடங்கிய தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையின் தேவாலயம் மட்டும் அந்தத் தெருவில் இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை தமிழில் ஆராதனை நடக்கிறது.