பிரதேசமும் சமயமும் உரைத்த குந்தகுந்தர்

பதுமநந்தி, ஏலாசாரியர் என்னும் பெயர்களாலும் போற்றப்பெறும் ஆசாரிய குந்தகுந்தர், வந்தவாசியை அடுத்த பொன்னூர்மலையில் தவமியற்றினார் என்பது நம் மரபு. அங்கே பாறையில் அவர்தம் திருவடிகள் இன்றும் வணங்கப்பெறுகின்றன. சமயசாரம், பிரவசனசாரம், பஞ்சாஸ்திகாயம் முதலிய நூல்களைப் பிராகிருதத்தில் அருளினார்.

ஆகாயம் முடிவற்ற ஒரே பொருள். ஆயினும் ஒரு பரமாணு தங்கும் இடம் பிரதேசம். பரமாணு ஒரு பிரதேசத்தைக் கடக்கும் காலம் சமயம். இவற்றிற்கு மேற்பகுப்பு இல்லை என்றார். பிளவுபடா வெளியையும் பகுக்கவொண்ணா அளவையும் ஒருங்கே ஏற்றார்.

இடமும் காலமும் தொடர்ச்சியானவையா, துணுக்குகளால் ஆனவையா என இயற்பியலார் இன்றும் ஆராய்கின்றனர். சோதனைவழி விடை கிட்டவில்லை. குந்தகுந்தரோ சடப்பொருளின் எல்லையை வரைந்தது, உயிரை அதனின்று வேறாக உணர்ந்து வீடு பெறுதற்கே. இவ்வேறுபாட்டை மறவாது அவர் நூல்களை நம் பிள்ளைகள் கற்பதே அத்திருவடிகளுக்குச் செய்யும் வழிபாடாகும்.