வேற்றுமண்ணில் ஒரு நடுகல்

மதுரைக்கு மேற்கே, வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற தமிழ் பிராமி நடுகற்களுள் ஒன்று, கூடல் ஊர் ஆகோளில் பட்ட வீரனுக்கு எடுத்தது. பெயர், ஊர், போர்; அவ்வளவே. மொழியால் வேறாயினும் அதற்கு உறவான கல்லொன்று பிரான்சு நாட்டில், எஸ்தவெல் என்னும் சிற்றூரின் இடுகாட்டில் நிற்கிறது. அதன்கீழ்த் துயில்பவர் வான்மறவர் இந்திரலால் ராய்.

ராய் 1898 டிசம்பர் 2ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். தாய் லலிதா ராய் இலண்டனில் பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தவர். அவ்வன்னையைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதத் தகும். இலண்டன் புனித பவுல் பள்ளியில் பயின்ற மகன், வானூர்திக்கே நெஞ்சைப் பறிகொடுத்தார். பார்வை போதாதென்று வான்படையினர் முதலில் மறுத்தனர். தம் மோட்டார் சைக்கிளை விற்றுப் பெரிய கண்மருத்துவர் ஒருவரிடம் மறுசான்று பெற்றார் என்பர். 1917 ஜூலையில் படை அதிகாரியானார்.

அவ்வாண்டு டிசம்பரில் அவரது ஊர்தி நொறுங்கி வீழ்ந்தது. இறந்தாரெனப் பிணவறையில் கிடத்தப்பெற்றவர், நினைவு மீண்டு உள்ளிருந்து கதவைத் தட்டினாராம். உடல் தேறுங்காலத்தும் கை சும்மா இருக்கவில்லை. தாள்களில் வானூர்திகளையே வரைந்துகொண்டிருந்தார். அவ்வோவியங்கள் பல இன்றும் எஞ்சியுள்ளன. பறக்கத் தகுதியற்றவர் என்ற மருத்துவத் தீர்ப்பையும் கடந்து, 1918 ஜூனில் 40ஆம் படைப்பிரிவில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தவர் அயர்லாந்தினரான ஜார்ஜ் மெக்எல்ராய். எஸ்.இ.5ஏ ஊர்தியில் இருக்கை ஒன்றுதான். செலுத்துபவரே குறிபார்த்துச் சுடவும் வேண்டும். ஜூலை 6இல் முதல் வெற்றி. 8ஆம் நாள் நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. 13இல் இரண்டு, 15இல் இரண்டு, 18இல் ஒன்று, 19இல் ஒன்று. 13 நாளில் வெற்றி 10. அவற்றுள் இரண்டு பிறரோடு பகிர்ந்தவை.

அடிமைப்பட்ட நாட்டின் மகன் ஆள்வோர் போரில் உயிர் கொடுத்தது பெருமையாகுமா என வினவுவோர் உண்டு. நேர்மையான வினாவே அது. ஆயினும் இந்தியர்க்கு அதிகாரிப் பதவி மிக அரிதாயிருந்த நாளில், வெள்ளையரோடு நிகராக நின்று பொருதவர் அவர். எவர் பொருட்டு எழுந்த போர் என்று பார்த்தா நம் புறப்பாட்டுப் புலவர் மறவரைப் பாடினர்?

ஜூலை 22இல், கார்வின் என்னும் ஊருக்கு மேலே, ஜெர்மானியரின் ஃபோக்கர் ஊர்திகளோடு பொருது வீழ்ந்தார். அகவை 19. ஒன்பதாம் நாள் மெக்எல்ராயும் பட்டார். செப்டம்பரில் ராய்க்கு டி.எஃப்.சி. விருது அறிவிக்கப்பெற்றது, அதனைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1998இல், நூற்றாண்டை ஒட்டி, இந்திய அஞ்சல்துறை அவருக்குத் தலை வெளியிட்டது.

எஸ்தவெல் கல்லில் வங்க எழுத்தில் ஒரு தொடர் உள்ளது. இது மாவீரன் கல்லறை, மதிப்புச் செய்க, தீண்டற்க என்பது அதன் பொருள். அவ்வூரில் அதனைப் படிக்க வல்லார் எத்தனை பேர் இருப்பர்!