காமராசரும் முதியோர் உதவித்தொகையும்

காவிரியின் கிளையாறுகள் கடலை நெருங்கும் கடைமடையில் முத்துப்பேட்டை என்னும் ஊர் உள்ளது. கோரையாறும் பாமணியாறும் அங்கே அலையாத்திக் காடுகள் சூழ்ந்த காயலிற் சென்று கலக்கின்றன. அவ்வூரைச் சுற்றிய நெல்வயல்களில் பிறர் நிலத்தில் உழைத்து, நெல்லாகவே கூலி பெற்று வாழ்ந்தோர் பலர். நாற்று நடவும் கதிர் அறுக்கவும் உடலில் வலிமை உள்ளவரையில் அவர்தம் அடுப்பு எரிந்தது. முதுகு கூனிக் கை தளர்ந்தபின் யாது செய்வது? அறுத்த வயலிற் பொறுக்கிய நெல்லும், அண்டை வீட்டார் இரங்கி அளித்த கஞ்சியுமே துணையாயின. தஞ்சைப் பண்ணையாட்களைக் காக்க 1952 ஆம் ஆண்டில் சட்டம் ஒன்று தோன்றியது உண்மையே. ஆயின், அது கூலியையும் வேலையையும் பற்றியது. உழைத்து ஓய்ந்தோர்க்கு மாதந்தோறும் படியளக்கும் ஏற்பாடு அதில் இல்லை.

அத்தகைய ஏற்பாட்டைச் சென்னை மாநிலத்தில் கொணர்ந்தது காமராசரின் ஆட்சியாகும்.

காமராசர் 1903 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15 ஆம் நாள் விருதுநகரில் பிறந்தார். தந்தையார் குமாரசாமி, தாயார் சிவகாமி அம்மையார். இளமையிலேயே தந்தையார் மறைந்தார். அம்மையார் தம் நகைகளை விற்று, அப்பணத்தை வணிகர் ஒருவரிடம் கொடுத்து, மாதந்தோறும் வந்த வட்டியைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார் என்பர். தவறாது வரும் சிறுதொகை ஒரு வீட்டில் விளக்கு அணையாமல் காக்கும் என்பதைச் சிறுவர் காமராசர் கண்கூடாகக் கண்டார்.

படிப்பு இடையில் நின்றது. மாமனின் துணிக்கடையில் சிலகாலம் இருந்த அவர், பின்னர் நாட்டுப்பணியில் இறங்கினார். 1930 ஆம் ஆண்டில், முத்துப்பேட்டைக்குக் கிழக்கே அதே கடற்கரையில் உள்ள வேதாரணியத்தில் நடந்த உப்பு அறப்போரில் ஈடுபட்டு, அலிப்பூர்ச் சிறைக்கு அனுப்பப்பெற்றார். 1954 இல் முதலமைச்சரானார். அவர் பள்ளிகள் திறந்ததும் மதிய உணவு அளித்ததும் நாடறிந்த செய்திகள். ஈண்டு விரித்தல் வேண்டா.

1962 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் மூன்றாம் முறையாகப் பொறுப்பேற்றார். ஏப்பிரல் முதல் நாளில் முதியோர் உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. ஆதரவற்ற முதியோர்க்குத் திங்கள்தோறும் 20 ரூபாய்! வருவாய்த்துறையினர் விசாரித்து ஒப்பியபின் தொகை மணியார்டராகச் சென்றது. முத்துப்பேட்டை அந்நாளில் திருத்துறைப்பூண்டி வட்டத்தைச் சேர்ந்திருந்தது. வாழ்நாளெல்லாம் நெல்லையே கூலியாகக் கண்ட முதியவர், அரசினர் பணத்தைத் தம் குடிசை வாயிலிலேயே கைந்நாட்டு வைத்துப் பெற்றார்.

இந்தியாவில் இதுவே முதல் திட்டம் என்று கூறுதல் பொருந்தாது. உத்தரப்பிரதேசம் 1957 ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியிருந்தது. இருபது ரூபாய் அக்காலத்தும் பெருந்தொகையன்று. அன்றியும், காப்பாற்றும் வயதுடைய மகன் இருந்தால் உதவி கிட்டாது என்பது விதி. அம்மகனும் அரைவயிற்றுக் கூலியாளாய் இருந்தால் தாய்க்கு எதை ஊட்டுவான்? விதியை வகுத்தோர் இதனை இன்னும் சற்று எண்ணியிருக்கலாம். எனினும், யாரிடமும் கையேந்தாமல் பெறத்தக்க பணம் ஒன்று ஏழை முதியோர்க்கு அன்றுதான் முதன்முதலாக வாய்த்தது. அத்தொகை படிப்படியாக உயர்ந்து, 2023 ஆம் ஆண்டில் 1,200 ரூபாய் ஆயிற்று.

காமராசர் 1963 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள், கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் துறந்தார். மணம் செய்துகொள்ளாத அவர், 1975 ஆம் ஆண்டு அதே அக்டோபர் 2 ஆம் நாள், சென்னையில் தாம் குடியிருந்த வாடகை வீட்டில் உயிர் நீத்தார்.