கு.ப.ரா: அடுப்படியில் அடங்கிக் கிடந்த கோபத்தைக் கதையாக்கியவர் யார்?

ஆங்கில இலக்கியம் படித்திருந்தால், அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோபின் 1894-ல் எழுதிய ஒரு சின்னக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கணவன் இறந்துவிட்டான் என்று கேட்ட மனைவி, அழுது ஓய்ந்ததும் உள்ளுக்குள் விடுதலையை உணர்வாள். அதே இடத்தைத் தமிழில் தொட்டவரும் ஒருவர் இருக்கிறார். கும்பகோணத்துக்காரர் கு.ப. ராஜகோபாலன், சுருக்கமாக கு.ப.ரா.

1902-ல் பிறந்தார். மேலூர் தாலுகா ஆபீஸில் கணக்கர் வேலை. முப்பது வயதைத் தாண்டியதும் கண்ணில் புரை விழுந்து, வேலையையே விட வேண்டியதாயிற்று. பார்வை மங்கியிருந்த நாட்களில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர் தங்கை கு.ப. சேது அம்மாள். பெண் மனசைப் பற்றி அண்ணன் சொன்ன கதைகளை முதலில் கேட்டது ஒரு பெண்ணின் காது என்பதை மறந்துவிடாதீர்கள். பிறகு அவரும் எழுத்தாளராகப் பெயர் வாங்கினார்.

கு.ப.ராவுக்கு அறுவை சிகிச்சையில் பார்வை திரும்பியது. 'மணிக்கொடி' எழுத்தாளர்களில் முக்கியமானவரானார். 1944 ஏப்ரலில், 42 வயதில் இறந்துபோனார்.

அவருடைய 'ஆற்றாமை' கதையைப் பாருங்கள். சாவித்திரியின் கணவன் வேலைக்காக எங்கோ தூரத்தில். பக்கத்திலேயே புதுசா கல்யாணமான ஜோடி. அவர்கள் சந்தோஷம் இவளை அரித்துத் தின்கிறது. ஒரு ராத்திரி வேணுமென்றே அவர்கள் தனிமையைக் கலைத்துவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. அவளைக் கெட்டவள் என்று கு.ப.ரா சொல்லவே மாட்டார்.

'விடியுமா?' இன்னும் துணிச்சலானது. கணவனுக்கு ஆபத்து என்று தந்தி வர, குஞ்சம்மாள் ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போகிறாள். நிம்மதியில்லாத கல்யாணம் அது. விடியும்போது அவளுக்கு மிஞ்சுவது துக்கம் மட்டும்தானா? 1930கள், 40களில் இப்படி ஒரு சந்தேகத்தை எழுப்புவதே பெரிய விஷயம். என்னைக் கேட்டால், அவர் எழுதியதிலேயே இதுதான் உச்சம்.

இதெல்லாம் கும்பகோணத்து வீடுகளின் கதை, நெகிரி செம்பிலான் தோட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதே காலத்தில் பகாவ், போர்ட்டிக்சன் பக்கத் தோட்டங்களில் உங்கள் கொள்ளுப்பாட்டி இருட்டிலேயே எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு நின்று, ஆம்பளைங்களோடு சேர்ந்து பால்மரம் வெட்டினார். 1920களின் கடைசியில் மலாயாவின் பல மாவட்டங்களில் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. லயத்துக்குத் திரும்பினால் மறுபடி அடுப்பு. சாவித்திரிக்காவது உட்கார்ந்து பொருமுவதற்கு நேரம் இருந்தது.

அந்தப் பாட்டியின் கோபத்தை கு.ப.ரா எழுதவில்லை. அவர் பார்த்த உலகம் காவிரிக்கரை நடுத்தர வீடுகள். அது அவருடைய எல்லை. ஆனால் பெரிய சம்பவம் எதுவும் வேண்டாம், வீட்டுக்குள் அடக்கிய ஒரு எரிச்சலே கதைக்குப் போதும் என்று காட்டியவர்களில் அவர் முன்னோடி.

அடுத்த தலைமுறையில் கு. அழகிரிசாமி 1952-ல் கோலாலம்பூருக்கு வந்து, 1957 வரை 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தார். இங்குள்ள இளம் எழுத்தாளர்களைக் கூட்டி உட்காரவைத்து, அவர்கள் கதைகளை அலசினார். அவரும் இதே எரிச்சலை எழுதியிருக்கிறார்: இளமை கைவிட்டுப் போனதை உணர்ந்த ஒரு அம்மாவின் கதை, 'அழகம்மாள்'. 'விடியுமா?' படித்த கையோடு அதையும் தேடிப் படியுங்கள்.