தாய்மார்களின் சோகையைத் தீர்த்த சீமைப் பெண்மணி

காவிரி பாயும் நாட்டில், கும்பகோணத்துக்கு அருகே, குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது வலங்கைமான். ஒரு காலத்தில் தஞ்சை ஜில்லா. இன்று திருவாரூர் மாவட்டம். எங்கு திரும்பினாலும் வயல். எங்கு பார்த்தாலும் நெல்.

இந்த ஊர் மாரியம்மன் கோயிலில் பங்குனி மாதம் நடக்கும் பாடைக் காவடித் திருவிழாவை அறியாதவர் இல்லை. சாகக் கிடந்து பிழைத்தவர்கள், பாடையில் பிணம்போல் படுத்துக் கோயிலைச் சுற்றி வந்து நேர்த்திக்கடன் செலுத்துவார்கள்.

சாகக் கிடந்து பிழைப்பது பெண்களுக்குப் புதிதல்ல. பிரசவம் பெண்ணுக்கு மறுபிறப்பு என்று பெரியவர்கள் சொன்னது சும்மா அல்ல. பிழைக்காதவர்கள் எத்தனையோ பேர்!

நெல்லுக்குப் பஞ்சமில்லாத பூமிதான். ஆனால் பிள்ளைத்தாய்ச்சியின் உடம்பில் இரத்தத்துக்குப் பஞ்சம். முகம் வெளுக்கும். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். கால் வீங்கும். பிறக்கும் குழந்தையோ எலிக்குஞ்சு போல இருக்கும். கண்ணேறு என்றார்கள். காற்றுக் கருப்பு என்றார்கள். தலைவிதி என்றும் சொன்னார்கள்.

தஞ்சையில் மட்டும் அல்ல. சென்னையிலும் பம்பாயிலும் இதே கதைதான்.

இது விதி அல்ல, உணவில் உள்ள குறை என்று காட்டியவர் ஒரு பெண். அவர் பெயர் லூசி வில்ஸ்.

அரிவாள் செய்த குடும்பம்

1888-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி, இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகே லூசி பிறந்தார். வசதியான குடும்பம். கதிர் அறுக்கும் அரிவாள் போன்ற கருவிகளைச் செய்து விற்பது அவர்கள் தொழில்.

கேம்பிரிட்ஜில் தாவர இயலும் மண்ணியலும் படித்தார். 1911-ல் தேர்வு எழுதி முடித்தார். ஆனால் பட்டம் இல்லை! பெண்கள் படிக்கலாம், பரீட்சை எழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது. அந்தப் பெரிய பல்கலைக்கழகம் 1948 வரையில் இப்படித்தான் இருந்தது.

அதே 1911-ல் தந்தை இறந்தார். 1913-ல் அக்காள் இறந்தாள். துக்கம் தாங்காத தாயை அழைத்துக்கொண்டு அந்த ஆண்டு இலங்கைக்கு வந்தார் லூசி. பிறகு தென் ஆப்பிரிக்கா சென்றார். 1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. கேப் டவுன் நகரில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார். அங்கேதான் அவர் மனம் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது.

லண்டனில் பெண்களுக்கென்றே இருந்த மருத்துவக் கல்லூரியில் 1915-ல் சேர்ந்தார். 1920-ல் டாக்டர் ஆனார். அப்போது வயது 32. ஆனால் நாடி பார்த்துப் பணம் சேர்க்கும் வழியில் அவர் போகவில்லை. ஆராய்ச்சிக் கூடத்துக்குள் நுழைந்தார். கர்ப்பிணியின் உடம்பில் என்னென்ன மாறுதல்கள் நடக்கின்றன என்பதே அவருடைய ஆராய்ச்சி.

இந்தியாவுக்கு வந்தார்

பிரசவத்தில் இந்தியத் தாய்மார்கள் ஏன் இவ்வளவு பேர் சாகிறார்கள் என்று அப்போது பம்பாய் ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதில் சேரும்படி, இந்தியாவில் பணியாற்றிய டாக்டர் மார்கரெட் பால்ஃபர் அம்மையார் லூசியை அழைத்தார். 1928-ல் லூசி கப்பல் ஏறினார்.

பம்பாயில் அவர் கண்ட நோய் வினோதமானது. இரத்தத்தில் சிவப்பு அணுக்கள் குறைந்திருந்தன. இருந்த அணுக்களோ அளவுக்கு மீறிப் பெரிதாக, முற்றாத காய் போல இருந்தன. இதைப் பெருத்த அணுச் சோகை எனலாம். முற்றிவிட்டால் தாயும் பிழைப்பதில்லை, குழந்தையும் பிழைப்பதில்லை.

முதலில் கிருமி இருக்குமோ என்று தேடினார். கிடைக்கவில்லை. பிறகு அடுப்படியைப் பார்த்தார். யார் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கு எடுத்தார். ஏழைப் பெண்களிடம், அதிலும் கோஷா முறையில் வாழ்ந்த ஏழை முஸ்லிம் பெண்களிடம் சோகை அதிகம். அவர்கள் சாப்பாட்டில் காய், கனி, கீரை, புரதம் எல்லாமே குறைவு. வசதி உள்ள வீட்டுப் பெண்களிடம் நோய் அவ்வளவாக இல்லை.

1929-ல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நம் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலை செய்தார். அங்கே உணவு ஆராய்ச்சியின் தலைவராக இருந்தவர் ராபர்ட் மெக்காரிசன். எலிகளுக்கு ஒவ்வொரு பிரதேசத்து மக்களின் சாப்பாட்டையும் போட்டுப் பார்த்தவர் அவர். கோதுமை, பால், பருப்பு, காய்கறி தின்ற எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்துச் சாப்பாட்டைத் தின்ற எலிகள்தான் கடைசி! நெல் விளையும் சீமைக்கு இது பெருமை தரும் செய்தி அல்ல. அரிசி கெட்டது என்று அர்த்தமும் அல்ல. அரிசி மட்டும் போதாது, அவ்வளவுதான்.

1931 தொடக்கத்தில் லூசி சென்னைக்கு வந்தார். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தார். இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்கிறோமே, அதுதான்.

குரங்கு பிழைத்தது!

எலிகளை வைத்து லூசியும் சோதனை செய்தார். ஆனால் எலிகளின் பேனில் இருந்து பரவிய ஒரு கிருமியே அவற்றுக்குச் சோகையைக் கொடுத்தது என்று பின்னர் தெரிந்தது. எலியை விட்டுக் குரங்குகளை எடுத்துக்கொண்டார்.

ஏழைப் பெண்கள் உண்ட அதே சாப்பாடு குரங்குகளுக்கும் தரப்பட்டது. அவற்றுக்கும் சோகை கண்டது. என்னென்னவோ கொடுத்துப் பார்த்தும் தேறாத ஒரு குரங்குக்கு 'மார்மைட்' கொடுக்கப்பட்டது. பீர் காய்ச்சும் ஆலைகளில் மிஞ்சும் நுரைமாவில் இருந்து செய்வது இது. சீமையில் ரொட்டிமேல் தடவித் தின்பார்கள். கறுத்த பசை, உப்புக் கரிக்கும், விலையும் மலிவு.

குரங்கு பிழைத்தது!

அடுத்து நோயாளிப் பெண்களுக்குக் கொடுத்தார். சில நாட்களிலேயே புதிய இரத்த அணுக்கள் ஊறத் தொடங்கின. படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அதுவரை சோகைக்கு ஈரல்தான் மருந்து. ஈரல் சாறு ஏழைக்கு எட்டாத விலை. மார்மைட் எட்டியது. 1931-ல் இந்தச் செய்தியை இங்கிலாந்தின் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார் லூசி. இந்த ஆராய்ச்சிகளில் தல்பதே, மேத்தா முதலிய இந்திய டாக்டர்களும் அவருக்குத் துணை நின்றார்கள்.

நுரைமாவுக்குள் இருந்த அந்தப் பொருள் எது? அதற்குப் பெயர் இல்லாததால் 'வில்ஸ் பொருள்' என்றே அழைத்தார்கள். 1941-ல் அமெரிக்காவில் டன் கணக்கில் பசலைவகைக் கீரையைப் பிழிந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீன் மொழியில் வழங்கும் சொல்லைக்கொண்டு 'போலிக் அமிலம்' என்று பெயரிட்டார்கள். 1945-ல் அதைச் செயற்கையாகச் செய்தது அமெரிக்காவில் எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. சுப்பாராவ் சென்னையில் மருத்துவம் படித்தவர். அவருடைய சகோதரர் இருவரைப் பலிகொண்டது 'ஸ்புரூ' என்னும் குடல் நோய். அந்த நோய்க்கும் போலிக் அமிலம் மருந்தாயிற்று என்பது மனத்தை உருக்கும் செய்தி.

இரண்டரைக் கிலோ

தாய்க்குச் சோகை என்றால் குழந்தைக்கு என்ன?

கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. குழந்தைக்குச் சோறும் காற்றும் அந்த இரத்தத்தின் வழியேதான். இரத்தம் மெலிந்தால் குழந்தையும் மெலியும். பத்து மாதம் நிறையும் முன்பே பிறந்துவிடவும் கூடும். பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். அப்படிப்பட்ட குழந்தைக்கு உடல்சூடு நிற்காது. பால் உறிஞ்சத் தெம்பு இராது. தொற்று நோய் எளிதில் பற்றும்.

சோகை ஒன்றே காரணம் அல்ல. இருபது வயதுக்குள் தாயாவது, பிள்ளைக்குப் பின் பிள்ளையாக இடைவெளி இன்றிப் பெறுவது, இரத்தக் கொதிப்பு, மலேரியா, புகையிலை, வீட்டில் பிறர் குடிக்கும் பீடிப் புகை எல்லாமே குழந்தையின் எடையைக் குறைக்கும். சேற்று வயலில் வெறுங்காலோடு நின்று நடவு நடும் பெண்ணுக்குக் கொக்கிப் புழு ஏறும். உள்ளே இருந்து இரத்தத்தை உறிஞ்சும். இதற்கு மேல், நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்று மருமகளின் சோற்றைக் குறைக்கும் வழக்கம் வேறு! வளைகாப்பன்று ஐந்து வகைச் சாதம் கட்டுகிறோம். கீரையும் பருப்பும் மற்ற நாட்களில் இலையில் விழுகிறதா?

கீரை, பயறு, நிலக்கடலை, ஈரல் ஆகியவற்றில் லூசி தேடிய சத்து உண்டு. கீரையை நெடுநேரம் வேகவிட்டுத் தண்ணீரைக் கொட்டினால் சத்தும் போய்விடும். இந்திய அரசு 1970-ல் இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியது. மலம் கறுக்கிறதே என்று பயந்து அதைப் பரணில் போடும் பெண்கள் இருக்கிறார்கள். கறுப்பது இரும்பினால், பயம் வேண்டாம். ஆனால் கும்பகோணம் டிகிரி காப்பியோடு விழுங்கக் கூடாது. காப்பியும் தேநீரும் இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறு சேரவிடும். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேருக்குச் சோகை இருந்தது.

கடைசி நாட்கள்

லூசி 1933-ல் லண்டன் திரும்பினார். 1937-ல் பறக்கும் படகு விமானத்தில் சுமார் ஐந்து நாள் பயணம் செய்து மீண்டும் பம்பாய் வந்து ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போரில், 1944-ல், அவர் வேலை செய்த ஆஸ்பத்திரிமேல் பறக்கும் குண்டு விழுந்தது. வேலை நிற்கவில்லை. போர்க்காலத்துக் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்துக் கொடுத்து இரத்தத்தைச் சோதித்து வந்தார்.

1947-ல் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. ஜமைக்கா, தென் ஆப்பிரிக்கா, பிஜி என்று சோகையைத் தேடிச் சென்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பகட்டு பிடிக்காது. பெரிய டாக்டர்கள் காரில் வந்து இறங்கியபோது, இவர் சைக்கிளில் வேலைக்கு வருவார். கடைசிக் காலத்தில் செல்சியா வட்டார நகரசபையில் தொழிற்கட்சி உறுப்பினராகவும் இருந்தார்.

1964-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி, தம் 75-ம் வயதில் லூசி வில்ஸ் காலமானார். கருவுறும் முன்பே போலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் குழந்தையின் முதுகுத்தண்டு ஊனங்களில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்று பெரிய சோதனை ஒன்று நிரூபித்தது 1991-ல். அதைக் காண அவர் இல்லை.