ஒரு வாரத் தவணை

அமெரிக்க நற்செய்தியாளர் டி.எல். மூடி 1837இல் பிறந்தவர். நான்கு வயதில் தந்தையை இழந்தார். 17 வயதில் பாஸ்டன் நகருக்குப் போய், தாய்மாமன் காலணிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

1855இல் ஒருநாள், ஞாயிறு பள்ளி ஆசிரியர் எட்வர்ட் கிம்பல் அவரைத் தேடிக் கடைக்கு வந்தார். வேலை நேரத்தில் பேசலாமா என்ற தயக்கத்தில் கடையைத் தாண்டிப் போனவர், மனம் கேளாமல் திரும்பி வந்து பேசினார். அன்றே மூடி கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார்.

1871 அக்டோபர் 8, ஞாயிறு இரவு. சிக்காகோவில் பிரசங்கம் செய்த மூடி, கிறிஸ்துவைப் பற்றி யோசித்து முடிவெடுக்க மக்களுக்கு ஒரு வாரத் தவணை கொடுத்தார். அன்றிரவே நகரில் பெருந்தீ பரவியது. சுமார் 300 பேர் மாண்டனர். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடிழந்தனர். மூடியின் வீடும் ஆலயமும் சாம்பலாயின. அந்தச் சபையார் மறுபடி ஒன்றுகூடவே இல்லை.

அந்தத் தவணையை எண்ணி மூடி வாழ்நாளெல்லாம் வருந்தினார். 1899இல் மறையும்வரை, இன்றே முடிவெடுங்கள் என்றே மக்களை அழைத்தார்.

பேசாமலிருக்கும் உடன்பிறப்பிடம் பேச, மன்னிப்புக் கேட்க, ஜெபிக்க நாமும் நாள் கடத்துகிறோம். தாண்டிப் போயிருந்தாலும் கிம்பலைப் போல இன்றே திரும்புவோம்.