பாடந்தோறும் தமிழ் கண்ட விபுலாநந்த அடிகளார்

ஈழநாட்டிலே இந்துக் கல்லூரி ஒன்றிற் பயின்ற எவருக்கும் விபுலாநந்த அடிகளாரை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. யாழ் நூல் தந்த பேரறிஞர் என்றும், பாடசாலைகள் பலவற்றை வளர்த்த துறவி என்றும் அவரைப் போற்றி வருகின்றோம். ஆயினும் அவர் முறைப்படி பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் என்பதும், துறவு பூணுமுன் வகுப்பறையில் நின்று விஞ்ஞானம் படிப்பித்தவர் என்பதும் அத்துணை நினைவுகூரப்படுவதில்லை. பழைய மாணவர் சங்கத்தின் விழா மலராகிய இதில் அப்பகுதியையே விரித்துரைக்க விழைகின்றோம். தெமோதரையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து புத்தகப் பையுடன் வரும் எம் பிள்ளைகளுக்கு இன்று பெரிதும் வேண்டப்படுவது அடிகளார் வாழ்வின் அப்பகுதியே என்பது எமது துணிபு.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் கிழக்கிலங்கையிலுள்ள காரைதீவிலே சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மைந்தராய்த் தோன்றினார். மயில்வாகனன் என்பது பிள்ளைத் திருநாமம். கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியிலும் கற்று, 1908இல், தமது பதினாறாம் வயதிலே, கேம்பிரிட்சு சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். சில காலம் ஆசிரியராயிருந்து, 1911இற் கொழும்பு ஆங்கில ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் சேர்ந்து, பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் பெற்றார். எம்போன்று அப்பத்திரத்தைப் பெற்று ஊர்ப் பள்ளிகளிற் பணிபுரிவோர்க்கு இஃது ஒரு சிறு பெருமையாகும்.

அடுத்து வந்த 1916ஆம் ஆண்டு அவர் வாழ்விற் குறிக்கத்தக்கது. அவ்வாண்டிலே கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்புளோமாப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிலும் தேறினார். அக்காலத்திலே இவை ஒன்றையொன்று அறியாத இரு வேறு உலகங்கள். விஞ்ஞானம் என்பது ஆங்கிலப் புத்தகத்துள் அடங்கிக் கிடந்தது. தமிழ் என்பது நிகண்டும் இலக்கணமும் புராண படனமுமாய் இருந்தது. விஞ்ஞானம் கற்றவன் தமிழேட்டைத் தொடான். தமிழ் கற்றவனுக்குச் சோதனைக் குழாய் இன்னதென்று தெரியாது. இரண்டையும் ஒரே தலையில் ஒரே ஆண்டில் ஏற்ற இளைஞருக்கு இந்தப் பிரிவினை இயற்கையானதன்று என்பது தெளிவாகியிருத்தல் வேண்டும்.

1917இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றார்.

மானிப்பாய் என்ற ஊரின் பெயரைச் சொன்ன அளவில், தமிழில் விஞ்ஞானங் கற்பித்தல் பற்றிப் பேசுவோர் அங்கே ஒருகணம் நின்று செல்லல் வேண்டும். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, இளைஞருக்கு மேனாட்டு வைத்தியங் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், 1860களில் முழுவதும் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய பெருநூல்கள் அவராலும் அவர்தம் மாணவராலும் தமிழில் வெளிவந்தன. மொழிபெயர்ப்பு வேலையையே அவர் பாடமாக்கினார். மாணவர் சொல்லைத் தேடியபோதே பொருளையும் தேடினர். தமிழிற் சொல் உண்டாயின் அதனைக் கொள்ளுதல், இன்றேல் வடமொழியை நாடுதல், அதுவும் இன்றேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் அமைத்தல் என்பது அவர் கைக்கொண்ட வரிசை. 1873இல் அவர் தாயகம் திரும்பினார், 1884இற் காலமானார். அவர் மதம் வேறு, நம் மதம் வேறு. எனினும் அவர் செய்த கல்விப் பணியை நன்றியோடு கூறுதல் நம் கடன். அவருக்குப் பின் தமிழில் வைத்தியங் கற்பிக்கும் வழக்கம் நிலைக்கவில்லை. நூல்கள் இருந்தன, அவற்றைக் கொண்டு படிப்பிக்கும் வகுப்பறை இல்லாது போயிற்று.

மயில்வாகனனார் 1922இற் பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்ற பெயருடன் அங்கிருந்து, 1924ஆம் ஆண்டு சித்திரைப் பௌர்ணமியில் துறவறம் பூண்டு விபுலாநந்தரானார். மலைநாட்டு இரயில் பாதை எங்கள் தெமோதரையைக் கடந்து பதுளையைச் சென்றடைந்ததும் அவ்வாண்டிலேதான். 1925இல் ஈழம் மீண்ட அடிகளார், இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பரிபாலிக்கும் பொறுப்பை ஏற்றார். திருகோணமலை இந்துக் கல்லூரியும், யாழ்ப்பாணம் வைத்தீசுவர வித்தியாலயமும், மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் எழுந்த சிவானந்த வித்தியாலயமும் அவர் கையால் வளர்ந்தவை. துறவு அவரை வகுப்பறையிலிருந்து பிரிக்கவில்லை.

1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் இருந்தார். தமிழகத்தில் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களைத் தமிழிற் கற்பித்தல் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று வந்த காலம் அது. சொல்லில்லாமற் பாடம் நடத்துவது எங்ஙனம்? 1916இலேயே சேலத்தில் இராசாசி முதலியோர் இதற்கென ஒரு சங்கம் அமைத்திருந்தனர். பின்னர் வெளிவந்த சொற்பட்டியல்களில் வடமொழியே மிகுந்திருந்ததாகப் பலர் குறைப்பட்டனர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் இம்முயற்சியைப் புதிதாய்த் தொடங்கி, 1936இற் பச்சையப்பன் கல்லூரியிற் கலைச்சொல்லாக்க மாநாடு கூட்டினர். அதற்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டவர் எம் அடிகளார். இரசாயனமுங் கற்றுப் பண்டிதரும் ஆன ஒருவர் வேறு எங்கே கிடைப்பார்? துறைதோறும் அறிஞர் கூடி ஆராய்ந்த சொற்கள் 1938இற் கலைச்சொற்கள் என்ற பெயருடன் நூலாயின. கணிதம், பௌதிகம், இரசாயனம், தாவரம், பூகோளம், வரலாறு எனப் பள்ளிப் பாடங்கள் பலவற்றுக்கும் உரிய சொற்கள் அதில் இடம்பெற்றன.

இப்பணியிற் பூசல்களும் இருந்தன. தனித்தமிழே வேண்டும் என்பாரும், வடசொல்லே பொருத்தம் என்பாரும், ஆங்கிலச் சொல்லை அவ்வாறே கொள்க என்பாரும் தத்தம் கட்சியை விடாது நின்றனர். 1940இற் சென்னை அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த குழு வடமொழிச் சார்புடையதென்று பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இப்பூசலுள் நாம் இங்கே புகவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கூறுவோம். வகுப்பறையிற் பிள்ளைக்கு விளங்குமா என்ற வினாவே எச்சொல்லுக்கும் உரைகல்லாகும்.

ஈழத்திலும் தாய்மொழிக் கல்வி படிப்படியாக மேலேறியது. 1950களில் அரசகரும மொழித் திணைக்களத்தார் துறைதோறும் சொற்றொகுதிகள் வெளியிட்டனர். இப்பொழுது எம் மாணவர் கணிதமும் விஞ்ஞானமும் தமிழிலேயே கற்றுப் பரீட்சை எழுதுகின்றனர். ஆயின் குறை தீர்ந்ததா? இவ்விடத்தில் எமது அனுபவத்தைச் சிறிது கூற அன்பர்கள் இடந்தருக.

தமிழாசிரியராய் வந்த தொடக்க ஆண்டுகளில், செய்யுளும் இலக்கணமும் கட்டுரையும் மாத்திரமே எம் பொறுப்பென்று எண்ணியிருந்தோம். எம் வகுப்பிற் செய்யுளுக்குப் பதவுரை தடையின்றிச் சொல்லும் மாணவன் ஒருவன் விஞ்ஞானத்திலே தொடர்ந்து தவறினான். ஒருநாள் அவன் விஞ்ஞானப் புத்தகத்தை எம்முன் வாசிக்கச் செய்தோம். எழுத்துப் பிழையின்றி வாசித்தான். பொருள் கேட்டபோது விழித்தான். தமிழ் தெரிந்த பிள்ளைக்குத் தமிழிலுள்ள பாடநூல் விளங்கவில்லை. அன்றுதான் எம் பிழை எமக்குப் புலனாயிற்று.

வேலை என்ற சொல்லை நோக்குக. தோட்டத்திற் பிறந்த பிள்ளைக்கு அதனினும் பழகிய சொல் வேறில்லை. கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு நிறுவைக்காகக் காத்து நிற்கும் தாய் வேலை செய்கின்றாள் என்றே அவன் அறிவான். பௌதிகமோ, கூடை அசையாது நிற்கும்வரை அதன்மீது வேலை செய்யப்படவில்லை என்கின்றது. விசையின் திசையில் இடப்பெயர்ச்சி வேண்டும் என்பது அதன் வரைவிலக்கணம். இவ்விரு பொருளையும் ஒருங்கு வைத்து விளக்காவிடின், ஒன்று பிள்ளை பௌதிகத்தை வெறுப்பான், அல்லது தன் தாயின் உழைப்பைப் புத்தகம் மறுக்கின்றதென்று எண்ணுவான். வர்க்கம் என்பது கணிதத்தில் ஒன்று, வரலாற்றில் வேறொன்று. அடர்த்தி என்பது பௌதிகத்திற் பொருளின் திணிவையும் கனவளவையும் பற்றியது, பூகோளத்திற் குடிசனத்தைப் பற்றியது. மறுபுறத்தில், கரைசல், கரையம், கரைப்பான் என்னும் மூன்றையும் கரை என்ற ஒரே பகுதியிலிருந்து பிரித்துக் காட்டினால், இலக்கணப் பாடமே இரசாயனப் பாடமாகிவிடுகின்றது.

சொல்லோடு வாக்கியமும் உண்டு. வரையறுக்க, ஒப்பிடுக, விளக்குக, நிறுவுக என்ற ஏவல்கள் வினாத்தாளில் வருகின்றன. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமான விடையைக் கேட்கின்றன. நிறுவுக என்ற இடத்தில் விவரித்து எழுதியவனுக்குப் புள்ளி இல்லை. பரிசோதனையை எழுதும்போது செய்தது, கண்டது, அதனால் முடிவு செய்தது என்னும் மூன்றையும் வேறுபடுத்தி எழுதல் வேண்டும். ஆகவே, ஏனெனில், எனின் என்ற சிறு சொற்களிலேதான் காரண காரியத் தொடர்பு தங்கியுள்ளது. இவற்றைக் கற்பிப்பவர் யார்? தமிழாசிரியர் விஞ்ஞானம் தமக்குரியதன்று என்கின்றார்; விஞ்ஞான ஆசிரியர் தமிழ் தமக்குரியதன்று என்கின்றார். இருவருக்கும் இடையிற் பிள்ளை விழுகின்றான்.

எங்கள் புகையிரத நிலையத்தையே ஒரு பாடமாகக் கொள்வோம். பாதை வளைந்து இறங்கி, நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்தினூடாகச் செல்வதைக் காண உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். மலைநாட்டுப் பாதையின் உச்சச் சாய்வு 44க்கு 1 என்ற அளவில் அமைந்தது. அதாவது 44 அடி செல்ல ஓரடிதான் ஏறலாம். அந்த எல்லைக்குள் நிற்க வேண்டிப் பாதையை வளைத்து நீளமாக்கினர். கணித ஆசிரியர் இதனைப் படித்திறன் என்பார். பௌதிக ஆசிரியர் சாய்தளம் என்பார். பூகோள ஆசிரியர் சமவுயரக் கோடுகளைக் காட்டுவார். மூவரும் கூறுவது ஒரே மலையைத்தான் என்பதை மாணவனுக்கு உணர்த்தி, அதனை ஐந்து வாக்கியங்களில் எழுதச் செய்தல் தமிழாசிரியர் கடமை.

இத்தகைய ஒருமைப்பாட்டுக்கு அடிகளாரின் யாழ் நூலே தக்க சான்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலும் அதன் உரைகளிலும் வரும் இசைக் குறிப்புகளை வெறும் சொற்பொருளாகக் கண்டு அமையாது, அலகுகளைக் கணக்கிட்டு, நரம்பின் நீளத்துக்கும் ஓசைக்கும் உள்ள விகிதத்தை ஆராய்ந்து, மறைந்துபோன யாழ்களின் அமைப்பை வகுத்தார். தமிழ் மாத்திரம் கற்றவர்க்கு அக்கணக்கு எட்டாது. கணக்கு மாத்திரம் அறிந்தவர்க்கு அவ்வுரை எட்டாது. ஒரு பழந்தமிழ்ப் பகுதியை விஞ்ஞான நூலாகவும் வாசிக்கலாம் என்பதை அவர் செய்து காட்டினார்.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். உடல்நலம் குன்றிய நிலையிலும் யாழ் நூலை நிறைவு செய்தார். 1947ஆம் ஆண்டு சூன் மாதத்திலே கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் ஆதரவில், திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதம், சூலை 19ஆம் நாள், கொழும்பிலே அடிகளார் இறைவன் திருவடி சேர்ந்தார். தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலயச் சூழலிலே அவர் திருமேனி அடக்கஞ் செய்யப்பட்டது. ஒரு பள்ளிக்கூடத்தின் மண்ணிலே துயில்வது அவ்வாசிரியருக்கு எத்துணைப் பொருத்தம்!

பழைய மாணவ அன்பர்களே! விழாக்காலங்களிற் கட்டடத்துக்கும் விளையாட்டுக்கும் நிதி உதவுகின்றீர்கள், நன்று. அதனோடு, உங்களுள் வைத்தியராய், பொறியியலாளராய், கணக்காளராய் விளங்குவோர் ஆண்டுக்கு ஒருநாள் வகுப்பறைக்கு வந்து, உங்கள் துறையின் ஒரு பக்கத்தை எவ்வாறு வாசிக்கின்றீர்கள் என்பதைத் தமிழில் எடுத்துக் காட்டுங்கள். உடன் பணிபுரியும் ஆசிரிய நண்பர்களுக்கு எமது வேண்டுகோள், அவரவர் பாடத்தில் வாரம் பத்துச் சொற்களையாயினும் தமிழாசிரியருடன் பகிர்ந்துகொள்ளுங்கள் என்பதே. மாணவச் செல்வங்களே, விளங்காத சொல்லைத் தாண்டிச் செல்லாதீர்கள், எழுந்து கேளுங்கள். லயத்தில் ஒற்றை விளக்கின் கீழிருந்து படிக்கும் பிள்ளையும் எந்நூலையும் தன் மொழியில் விளங்கி எழுதும் நாளே அடிகளாருக்கு நாம் செய்யும் குருபூசை நாளாகும்.